கேள்வி பதில்: நோபலுக்கு முன்னால் ஒரு பரிசு

போன இதழில் நோபல் பற்றிய ஒரு பதிலின் கடைசியில் ரொஜர் அடம்ஸ் விருது என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்தமுறை முழுக்க இரசாயனம்தான். சினிமா, கிரிக்கெட், அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த இதழில் பார்ப்போம்.

கே: நோபல் தெரியும். ரொஜர் அடம்ஸ் விருது என்று நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நானே கேள்விப்பட்டதில்லை. யார் இந்த ஆள், இங்கிலிஷ் பட நடிகர் போலப் பெயர்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தை)

ப: பெயர் நடிகர் போலத்தான், ஆள் உங்களைப் போல முழுநேர வாத்தியார், சேர். 1889இல் பொஸ்டனில் பிறந்தவர், ஹாவர்டில் படித்தவர். 1916இல் இலினோய் பல்கலைக்கழகத்துக்குப் போனார், 1926 முதல் 1954 வரை அங்கே இரசாயனத் துறைத் தலைவர். அவர் பெயரில் அமெரிக்க இரசாயனச் சங்கம் 1959இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, ஒரு விருதைத் தொடங்கியது (இறந்தது 1971இல்). சேதன இரசாயன (காபன் சேர்வைகளைப் பற்றிய இரசாயன) ஆராய்ச்சியில் பெரிய வேலை செய்தவருக்கு, எந்த நாட்டவராக இருந்தாலும் சரி, ஒன்றுவிட்டு ஒரு வருடம் கொடுக்கிறார்கள். ஒற்றை வருடங்களில் அமெரிக்காவில் நடக்கும் சேதன இரசாயனக் கருத்தரங்கில், தன் துறையிலேயே ஊறிய ஆட்கள் நிறைந்த மண்டபத்தில், விருது பெறுபவர் ஒரு விரிவுரை நிகழ்த்த வேண்டும். அரசர் கையால் வாங்கும் பரிசு நோபல். இங்கே கீழே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவனுக்கும் எந்த இரசாயனத் தாக்கத்தில் எவ்வளவு விளைபொருள் வரும் என்று தெரியும், அவர்கள் முன்னால் நின்று பேசுவது இன்னொரு வகைச் சோதனை.

சரி, ஏன் அவர் பெயரில்? இதற்கு முதலாம் உலக யுத்தத்துக்குப் போக வேண்டும். அதுவரை அமெரிக்க ஆய்வுகூடங்களுக்குத் தேவையான நுண்ணிய இரசாயனப் பொருட்கள் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தன. யுத்தம் தொடங்கியதும் கப்பல் நின்றது. 2022இல் ஒரு பனடோல் அட்டைக்கும் பிள்ளைகளின் மருந்துக்கும் பாமசி பாமசியாக ஏறி இறங்கிய எங்களுக்கு அந்த நிலைமையை விளக்கத் தேவையில்லை. இலினோயில் அப்போது டெரிக் என்ற பேராசிரியர் ஒரு வேலை தொடங்கி வைத்திருந்தார்: கோடை விடுமுறையில் மாணவர்களை வைத்து, சாயத்துக்கும் மருந்துக்கும் ஆராய்ச்சிக்கும் வேண்டிய பொருட்களை அங்கேயே தயாரித்து மற்ற இடங்களுக்கு விற்பது. அடம்ஸ் வந்து அதைக் கையில் எடுத்துப் பெரிதாக்கினார். மாணவர்களுக்குக் கை பழகும், கையில் கொஞ்சம் காசும் வரும், நாட்டுக்குப் பொருளும் கிடைக்கும்.

எந்தப் பொருளை எவ்வளவு போட்டோம், எத்தனை பாகையில் வைத்தோம், எவ்வளவு கிடைத்தது என்று அங்கே எழுதிவைத்த பழக்கத்திலிருந்துதான் 1921இல் 'ஓர்கானிக் சிந்தெசிஸ்' என்ற வெளியீடு வந்தது. தொடங்கியவர்களில் அடம்ஸும் ஒருவர். அதற்கு ஒரு கறாரான விதி உண்டு. நீங்கள் ஒரு செய்முறையை எழுதி அனுப்பினால் உடனே அச்சடிக்க மாட்டார்கள். ஆசிரியர் குழுவில் ஒருவருடைய ஆய்வுகூடத்தில் அதை அப்படியே செய்து பார்ப்பார்கள். நீங்கள் சொன்ன அளவு அங்கேயும் கிடைத்தால்தான் வெளியிடுவார்கள். நூறு வருடம் தாண்டியும் அதே விதி, இப்போது இணையத்தில் எல்லாம் இலவசமாகவே வாசிக்கலாம். ரொஜர் அடம்ஸ் விருதுக்கான பணம் இந்த வெளியீட்டிலிருந்தும் இதன் உடன்பிறப்பான 'ஓர்கானிக் ரியக்ஷன்ஸ்' என்பதிலிருந்தும்தான் வருகிறது. எனக்கு இந்த விருதில் பிடித்ததே இதுதான். டைனமைட் விற்ற காசில் நோபல் நடக்கிறது, இது செய்முறைப் புத்தகக் காசில் நடக்கிறது.

அடம்ஸின் ஆராய்ச்சி பற்றிக் கேட்டால், ஐதரசனை ஏற்றுவதற்குப் பயன்படும் பிளாட்டினம் ஒட்சைட்டு ஊக்கியை (ஊக்கி என்றால் தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருள்) இன்றைக்கும் அடம்ஸ் ஊக்கி என்றே சொல்கிறார்கள். ஆனால் அவருடைய பெரிய வரவு மாணவர்கள். நைலோனைக் கண்டுபிடித்த வோலஸ் கரோதர்ஸ் அவரிடம் கலாநிதிப் பட்டம் செய்தவர். அம்மாமாரின் அலுமாரியில் இன்னும் இருக்கும் நைலெக்ஸ் சேலைக்கும் இலினோய்க்கும் அப்படி ஒரு சொந்தம்.

கே: இந்த விருதை வாங்கினவர்கள் பிறகு நோபலும் வாங்குகிறார்களே, இரண்டு குழுவுக்கும் உள்ளுக்குள் ஏதாவது டீலா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

ப: டீல் ஒன்றும் இல்லை. ஒன்று வொஷிங்டனில், மற்றது ஸ்டொக்ஹோமில். ஆனால் பட்டியலைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். 1959இல் முதல் விருது டெரெக் பார்ட்டனுக்கு, அவருக்கு நோபல் 1969இல். 1961இல் வூட்வர்ட், நோபல் 1965இல். 1969இல் பிரெலொக், நோபல் 1975இல். 1971இல் பிரவுண், 1973இல் விட்டிக், இந்த இரண்டு பேரும் 1979இல் சேர்ந்தே நோபல் வாங்கினார்கள், அப்போது விட்டிக்குக்கு வயது 82. 1985இல் கிராம், நோபல் 1987இல். 1997இல் ஷார்ப்ளெஸ், அவருக்கு 2001இல் ஒன்று, போதாதென்று 2022இல் இன்னொன்று.

காரணம் ரொம்பச் சாதாரணம். ஒரு வேலை பெரியதா சின்னதா என்பது அதே வேலையைச் செய்கிறவனுக்குத்தான் முதலில் தெரியும். கிளிநொச்சி வயலில் எந்த நெல் நன்றாக வரும் என்று பக்கத்து வயல்காரனுக்குத் தெரிந்த பிறகுதான் விவசாயத் திணைக்களத்துக்குத் தெரிகிறது. நோபலுக்கு வேறு கட்டுப்பாடுகளும் உண்டு: ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பிரிக்க முடியாது, இறந்தவருக்குக் கொடுக்க முடியாது, அதோடு இரசாயனம் என்ற ஒரே தலைப்புக்குள் புரதமும் பற்றரியும் கணினியும் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. சேதன இரசாயனக்காரனுக்குத் தன் முறை வர வருடக்கணக்காகும்.

அந்த வரிசையில் நின்றே போனவர்களைச் சொல்லாவிட்டால் பதில் முடியாது. மியூனிக்கில் ரொல்ஃப் ஹூஸ்கன் என்று ஒரு பேராசிரியர். 1960 அளவில், இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஐந்து அணு கொண்ட வளையமாகப் பூட்டிக்கொள்ளும் ஒரு பெரிய தாக்கக் குடும்பத்தை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். ரொஜர் அடம்ஸ் விருது 1975இல் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு தாக்கம் சூடாக்கினால்தான் நடக்கும், அதுவும் மெதுவாக. பிறகு ஷார்ப்ளெஸ் அணியும் டென்மார்க்கின் மெல்டால் அணியும் தனித்தனியாக அதற்குச் செப்பு ஊக்கியைப் போட்டுப் பார்த்தார்கள், அறை வெப்பநிலையிலேயே சடக்கென்று நடந்தது. அதுதான் 'கிளிக்' இரசாயனம், 2022இன் நோபல். ஹூஸ்கன் 2020 மார்ச்சில் 99 வயதில் காலமாகியிருந்தார். வூட்வர்டுக்கும் இப்படித்தான். ஹொஃப்மன் என்பவரோடு சேர்ந்து, சில தாக்கங்கள் எப்படி நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் விதிகளை வகுத்தார். அவற்றுக்கு 1981இல் ஹொஃப்மன் நோபல் வாங்கியபோது வூட்வர்ட் இறந்து இரண்டு வருடம். இல்லாவிட்டால் அவர் கையில் இரண்டாவது நோபல் இருந்திருக்கும் என்று சொல்லாத இரசாயனவியலாளர் குறைவு.

கே: பரிசுப்பணம் எவ்வளவு? அதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் சொல்கிறீர்கள். (மட்டக்குளி)

ப: 25,000 டொலர், ஒரு பதக்கம். டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் 75 இலட்சம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு பிளாட் என்றால் அதில் பாதிகூட வராது. நோபல் அண்மை வருடங்களில் 1 கோடியே 10 இலட்சம் சுவீடன் குரோனர், ஒருவருக்கு மட்டும் என்றால் பத்து இலட்சம் டொலர் அளவில். மூன்று பேர் என்றால் பிரித்துக்கொள்ள வேண்டும்.

கே: என் அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஹக்கலையில் சிங்கோனா மரம் நட்ட கதையெல்லாம் சொல்வார். அந்தக் கொயினாவை ஆய்வுகூடத்தில் செய்து பரிசு வாங்கினார்கள் என்கிறார்களே, மரம் இருக்கும்போது அது எதற்கு? (தெஹிவளையிலிருந்து ஓர் அம்மா)

ப: அப்பா சொன்னது சரி. ஹக்கலைத் தோட்டமே 1861இல் சிங்கோனாவைப் பரீட்சித்துப் பார்க்கத் தொடங்கிய இடம்தான். கோப்பி நோயில் அழிந்தபோது மலையகத்தில் நிறையப் பேர் சிங்கோனாவுக்கு மாறினார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டதால் விலை விழுந்தது, அப்புறம்தான் தேயிலை. அந்தப் பட்டையில் இருக்கும் மலேரியா மருந்தான குயினைனின் (அதுதான் கொயினா) அருமை இந்த நாட்டுக்கு நன்றாகத் தெரியும். 1934-35இல் வந்த மலேரியாவில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். இடதுசாரிச் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைப் பக்கக் கிராமங்களில் வீடு வீடாகக் கொயினா கொண்டுபோய்க் கொடுத்தது அந்தக் காலத்தில்தான். (2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.)

மரம் இருக்கும்போது எதற்கு என்று கேட்டீர்கள். மரம் யாருடைய கையில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது உலகத்துக் குயினைனில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் நேசநாட்டுப் படைகளுக்கு மருந்து இல்லை.

ஆனால் குயினைனைச் செய்து பார்க்கும் ஆசை அதைவிடப் பழையது. 1856இல் லண்டனில் வில்லியம் பேர்க்கின் என்ற 18 வயதுப் பையன் வீட்டு ஆய்வுகூடத்தில் குயினைன் செய்யப் புறப்பட்டான். அந்தக் காலத்தில் மூலக்கூறின் வடிவம் தெரியாது, அணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் கழித்து, இதோடு இதைச் சேர்த்தால் அது வரும் என்று ஒரு கணக்குப் போட்டான். வந்தது கறுப்பாக ஒரு சேறு. பாத்திரத்தை அற்ககோல் ஊற்றிக் கழுவியபோது ஊதா நிறம் பிரிந்தது. அதுதான் மோவ், செயற்கைச் சாயத் தொழிலே அதிலிருந்து பிறந்தது. குயினைன் வரவில்லை, பணம் வந்தது. இன்று அவர் பெயரிலும் பரிசுகள் இருக்கின்றன.

பிறகு 1944இல் வூட்வர்டும் டோரிங்கும். இருவருக்கும் வயது இருபத்தேழு அளவில். குயினைனைச் செய்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் கொண்டாடின. உண்மையில் அவர்கள் செய்தது குயினொடொக்சின் என்ற ஒரு பொருள் வரைக்கும்தான். அங்கிருந்து குயினைனுக்குப் போகும் வழியை 1918இலேயே ராபே, கின்ட்லர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் எழுதிவிட்டார்கள், ஆகவே மிச்சம் முடிந்த கதை என்று விட்டுவிட்டார்கள். அந்த ஜெர்மன் கட்டுரையில் செய்முறை விபரம் மிகக் குறைவு.

இங்கேதான் கில்பேர்ட் ஸ்டோர்க் வருகிறார். ரொஜர் அடம்ஸ் விருது 1991இல் வாங்கியவர், நோபல் கடைசிவரை கிடைக்காதவர், 2017இல் 95 வயதில் காலமானார். இளமையில் தொட்ட குயினைனை 2001இல், எண்பதை எட்டும் வயதில், செய்து முடித்தார். அணுக்கள் எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டுமோ அந்தப் பக்கமே நிற்கும்படி தொடக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு போன முதல் செயன்முறை அது. அதே கட்டுரையில், அந்த 1918ஆம் வருட வழியை யாரும் திருப்பிச் செய்து பார்க்காமலே 1944ஐக் கொண்டாடுகிறீர்களே என்று ஒரு போடு போட்டார். பெரிய விவாதம் நடந்தது. 2008இல் கொலராடோவில் ரொபேர்ட் வில்லியம்ஸும் ஆரன் ஸ்மித்தும் நவீன கருவிகளை ஒதுக்கிவைத்து, ராபே காலத்து முறையிலேயே செய்து பார்த்தார்கள். கடைசிப் படிக்கு அலுமினியத் தூள் வேண்டும், புதுத் தூளில் சரிவரவில்லை. காற்றில் கிடந்து கொஞ்சம் ஒட்சியேறிய அலுமினியத் தூளைப் போட்டதும் குயினைன் வந்தது! ராபேயின் போத்தலில் இருந்த தூளும் பழையதாக இருந்திருக்கலாம். 90 வருடப் பழைய வழி பற்றிய சண்டை ஒரு கரண்டி பழைய தூளில் தீர்ந்தது.

இதில் ஒரு வழிகூட வியாபாரத்துக்கு வரவில்லை. இன்றைக்கும் குயினைன் மரப்பட்டையிலிருந்துதான் எடுக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார்.

கே: வேப்பமரத்தை வைத்தும் இப்படி யாராவது பரிசு வாங்கியிருக்கிறார்களா? எங்கள் தமிழ் ஆட்கள் யாரும்? (பம்பலப்பிட்டி)

ப: தமிழர் ஒருவர் இருக்கிறார், அடம்ஸோடு நேரடித் தொடர்பும் உண்டு. டி. ஆர். கோவிந்தாச்சாரி, 1915இல் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரிக்காரர். கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு இலினோய்க்குப் போய் அடம்ஸிடமே ஆராய்ச்சி செய்தவர். திரும்பி வந்து சென்னையில் தாவரங்களின் அல்கலோயிட்டுகளை (குயினைனும் அந்த வகைதான்) பிரித்து ஆராய்ந்தார், 1960இல் இந்தியாவின் பட்நாகர் பரிசு கிடைத்தது, பிறகு பம்பாயில் சீபா ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராக இருந்தார். ஓய்வு வயதுக்குப் பிறகும் சென்னையில் வேப்பங்கொட்டைச் சத்துகளைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார்.

வேப்பங்கொட்டையில் பூச்சிக்குப் பிடிக்காத சரக்கின் பெயர் அசாடிரக்டின். 1968இல் பிரித்தெடுத்தார்கள், சரியான கட்டமைப்புத் தெரிய 1985 ஆனது. கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே அதை ஆய்வுகூடத்தில் கட்டத் தொடங்கி 2007இல் முடித்தார், 22 வருடம். ஒரு தொகுதி மாணவர்கள் பட்டம் வாங்கிப் போக அடுத்த தொகுதி வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கும். இங்கே பாட்டி ஒரு பிடி வேப்பிலையை அரிசிப் பானைக்குள் போட்டு விட்டுப் போய்விடுவார் என்று நீங்கள் சிரிக்கலாம். லேக்கும் அது தெரியும். விற்பதற்காக யாரும் இதைச் செய்வதில்லை, இவ்வளவு சிக்கலான ஒன்றைக் கட்டும்போது வழியில் புதுத் தாக்கங்கள் பிறக்கும், அவை வேறு மருந்துகளுக்கு உதவும்.

கே: எல்லாம் ஆம்பிளைகள் பெயராகவே இருக்கிறதே? (பொரளை, பல்கலைக்கழக மாணவி)

ப: நியாயமான கேள்வி, தங்கச்சி. இரசாயன நோபலில் இதுவரை எட்டுப் பெண்கள்தான். சேதன இரசாயனத்துக்குக் கிட்ட என்று பார்த்தால் பெனிசிலின், விற்றமின் பி12 ஆகியவற்றின் கட்டமைப்பைக் கண்ட டொரதி ஹொட்ஜ்கின் (1964), அப்புறம் கிளிக் வகைத் தாக்கங்களை உயிருள்ள கலங்களிலேயே நடத்திக் காட்டிய கரொலின் பெர்டோசி (2022).

பட்டியலுக்கு வெளியே நிற்கும் ஒருவரைத்தான் நான் சொல்ல வேண்டும், ரீட்டா ஹரடென்ஸ். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அவரிடமிருந்த வடிகுடுவை ஒன்று உடைந்தது. அதே துறையில் ஜோன் கோன்ஃபோர்த் என்று ஒரு மாணவன், கண்ணாடி ஊதி ஒட்டுவதில் கெட்டிக்காரன் என்று கேள்விப்பட்டு அவனிடம் கொண்டுபோனார். கோன்ஃபோர்த்துக்குக் காது சிறுவயதிலிருந்தே மெல்ல மெல்லப் போய், இருபது வயதளவில் சுத்தமாகக் கேட்காது. குடுவை ஒட்டியது, இருவரும் ஒரே வகைப் புலமைப்பரிசிலில் 1939இல் ஒக்ஸ்போர்ட் போய் ரொபேர்ட் ரொபின்சனிடம் சேர்ந்து ஆராய்ச்சி செய்தார்கள், கலியாணமும் நடந்தது. யுத்த காலத்தில் பெனிசிலின், பிறகு கொலஸ்திரோல் உடலில் எப்படி உருவாகிறது என்ற வேலை, எல்லாவற்றிலும் ரீட்டா ஆய்வுகூட மேசையில் இருந்தார், கட்டுரைகளில் பெயரும் இருந்தது. 1975இல் நோபல் கோன்ஃபோர்த்துக்கும் பிரெலொக்குக்கும். மூன்றாவது இடம் காலியாகவே இருந்தது. விதியைக் காட்டித் தப்ப முடியாத இடம் அது என்பது என் அபிப்பிராயம்.

கே: உயர்தரம் இரண்டாம் வருடம். ரியூஷனில் சேர் சேதனத் தாக்கங்களை எல்லாம் சார்ட் போட்டுப் பாடமாக்கச் சொல்கிறார். இந்த நோபல் கதையெல்லாம் சோதனைக்கு உதவுமா? (தம்பி, வத்தளை)

ப: சார்ட்டைக் கிழித்துப் போடாதீர்கள், அது வேண்டும். ஆனால் அந்தச் சார்ட்டில் உள்ள அம்புக்குறிகளில் சிலவற்றுக்குப் பின்னால் ஒரு நோபல் இருக்கிறது, அது தெரிந்தால் மறக்காது.

கிரிக்னாட் சோதனைப்பொருளை எடுங்கள். 1900இல் பிரான்சின் லியோனில் விக்டர் கிரிக்னாட், மகனீசியச் சீவலை உலர்ந்த ஈதரில் அற்கைல் ஏலைட்டோடு சேர்த்தார், 1912இல் நோபல். (ஐதரசனேற்றத்துக்கு நிக்கல் தூளைக் காட்டிக்கொடுத்த சபாத்தியேயோடு பகிர்ந்துகொண்டார், அதுவும் உங்கள் பாடத்தில் இருக்கிறது.) சோதனையில் 'உலர்' என்ற சொல்லை விட்டுவிட்டுப் புள்ளியை இழக்கும் பிள்ளைகள் எத்தனையோ. ஏன் உலர்? அந்தக் காபன் மகனீசியத்தோடு இருக்கும்போது எதிரேற்றம் மிகுந்து, புரோத்தன் கொடுக்க யார் வந்தாலும் பறித்துக்கொள்ளும். நீ அல்டிகைட்டோடு சேர்க்கலாம் என்று கஷ்டப்பட்டுத் தயாரித்து வைத்திருப்பாய், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அந்த அளவுக்கு அது சும்மா அற்கேனாகிப் போய்விடும். கொழும்பின் ஈரக்காற்றில் இதைச் செய்து பார்த்தவர்களைக் கேள், கண்ணாடிப் பாத்திரத்தை அடுப்பில் சுடவைத்துக் காயவைப்பதிலேயே பாதி நாள் போகும்.

இன்னொன்று, பிரவுண். ஏழைக் குடும்பம், 1936இல் சிகாகோவில் பட்டம் பெற்றபோது காதலி ஒரு புத்தகம் பரிசளித்தார். போரனின் ஐதரைட்டுகள் பற்றியது. ஏன் அந்தப் புத்தகம் என்றால், கடையில் இருந்த இரசாயனப் புத்தகங்களில் அதுதான் விலை குறைவு, இரண்டு டொலரும் சில சதமும். அதை வாசித்துப் போரனில் இறங்கியவர் பிறகு ஏறவே இல்லை, 1979இன் நோபலும் அதற்குத்தான். அவருடைய பெயரின் முதலெழுத்துகள் மூன்றும் ஐதரசன், காபன், போரன் ஆகியவற்றின் குறியீடுகள் என்று அவரே பகிடி விடுவாராம். காதலியைத்தான் கலியாணமும் செய்தார்.

செயன்முறை வகுப்புக்கு ஒன்று: இரண்டு நோபல் வாங்கிய ஷார்ப்ளெஸுக்கு ஒரு கண் இல்லை. 1970இல் ஆய்வுகூடத்தில் ஒரு சிறு கண்ணாடிக் குழாய் வெடித்தபோது பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. நீ போடு.

கே: இலங்கையர் யாருக்காவது இந்த மாதிரி ஒன்று கிடைத்ததா? இங்கே இரசாயனம் என்று என்னதான் நடக்கிறது? (இராஜகிரிய)

ப: அடம்ஸ் விருதோ இரசாயன நோபலோ இலங்கையர் யாருக்கும் இல்லை. ஆனால் கிட்டப் போனவர்கள் உண்டு. காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும சென்னையில் மெய்யியல் படித்து, லண்டனில் இரசாயனம் படித்து, கலிபோர்னியாவில் மெல்வின் கல்வினிடம் 1962இல் கலாநிதிப் பட்டம் பெற்று நாசாவுக்குப் போனவர். 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை நிறுவிய அணியில் இருந்தார். சேதனப் பொருள் பூமியில் மட்டும் உண்டாவது என்ற எண்ணம் அதோடு அடிபட்டது. பேராதனையில் பேராசிரியர் சுல்தான்பாவா நம் காட்டு மரங்களின் சேர்வைகளைப் பிரித்தறியும் ஆராய்ச்சிப் பரம்பரை ஒன்றையே உருவாக்கினார்.

அப்புறம், இராஜகிரியவில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! வெலிக்கடைப் பக்கம் கோட்டை வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தின் கட்டிடம். 1941இல் இரசாயனச் சங்கமாகத் தொடங்கியது, 1971இல் நிறுவகமானது. பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத எத்தனையோ பிள்ளைகள் அங்கே படித்து இரசாயனவியலாளர்களாக வெளியே வந்திருக்கிறார்கள். அந்தக் கட்டிடத்தின் பெயர் அடமன்டேன் ஹவுஸ். பலகையைப் பார்த்துவிட்டு யாரோ வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்று நினைத்தவர்களை எனக்குத் தெரியும்.

அடமன்டேன் ஒரு மூலக்கூறு. பத்துக் காபன், பதினாறு ஐதரசன், வைரத்தின் பளிங்கிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஓரங்களில் ஐதரசனைப் பூட்டியது போல ஒரு கூண்டு. 1933இல் செக்கோஸ்லவாக்கியாவின் பெற்றோலியத்தில் கண்டுபிடித்தார்கள், 1941இல் அதை முதலில் ஆய்வுகூடத்தில் கட்டியவர் மேலே சொன்ன பிரெலொக், 1969இன் அடம்ஸ் விருதுக்காரர். உங்கள் வீட்டில் சீனி வருத்தத்துக்கு வில்டாகிளிப்டின் போடுகிறவர் யாராவது இருந்தால், அந்தக் குளிசைக்குள் இந்தக் கூண்டு இருக்கிறது. பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் அமன்டடினிலும் இதே கூண்டுதான்.

கே: என் மச்சான் மூட்டு வலிக்கு ஒரு எண்ணெய் காய்ச்சுகிறார். ஊரே வாங்கிப் பூசுகிறது. இந்த விருதுகளில் எதற்காவது விண்ணப்பம் போடலாமா? செய்முறையைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். (கொலன்னாவை)

ப: நோபலுக்குத் தன்னைத் தானே யாரும் முன்மொழிய முடியாது, அழைப்புக் கிடைத்தவர்கள்தான் பெயர் அனுப்பலாம், அந்தப் பெயர்களையும் 50 வருடம் வெளியே விட மாட்டார்கள். அடம்ஸ் விருதுக்கும் இன்னொருவர்தான் பரிந்துரைக்க வேண்டும், அதுவும் ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் காட்டி. மச்சானுக்கு வழி இங்கேயே இருக்கிறது. கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தையில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது, பணம் கட்டினால் எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். மருந்து என்று லேபல் ஒட்டி விற்பதானால் ஆயுர்வேதத் திணைக்களத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். உண்மையிலேயே புதிதாக ஏதாவது இருந்தால் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் காப்புரிமைக்குப் போடலாம், ஆனால் அதற்கு முன்னால் விஷயம் வெளியே வந்துவிட்டால் புதியது என்று நிறுவுவது கஷ்டம். ஆகவே பேஸ்புக்கில் போடச் சொல்லாதீர்கள். கடிதத்தின் பின்பக்கத்தை நானும் இங்கே அச்சுக்குக் கொடுக்கவில்லை.